மலைக்கு மேல் மாதா

அண்ணன் நோபேட் படத்தைத் திருப்பிக் கேட்ட நேரம் அருள்மலர் குசினியில் நின்று வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, "ஓம் அண்ணை, சொல்லுங்கோ அண்ணை" என்று வாய் நிறையச் சிரித்துக் கதைத்தவளுக்கு, கத்தி பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது.

"எந்தப் படம்?" என்று கேட்டாள், ஒன்றும் தெரியாதவள் மாதிரி.

"என்னடி, உனக்கு நான் எத்தினை படம் தந்தனான்? மெலானியின்ர புதுநன்மைக்குத் தந்தேனே, அந்த விடியக்காலப் படம். எனக்குக் கண்காட்சி வைக்கப் போறாங்கள் மலர்! துன் பழைய ரவுணுக்குள்ள, வடிவான மண்டபம். என்ர படங்கள் மட்டும். ஒரே மலை, ஒரே கரை, விடியேக்க இருந்து பொழுதுபடுமட்டும் வரிசையா. அந்த வரிசையின்ர முதல் படம் உன்னட்டை எல்லோ கிடக்கு. சனிக்கிழமை வந்து எடுக்கிறன். முடியக் கொண்டந்து நானே ஆணியில கொழுவி விடுறன்."

அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். அண்ணன்தானே, கடித்தா தின்னப்போகிறார்? ஆனால் அருள்மலர், "ஓம் அண்ணை, அதுக்கென்ன, வாங்கோ, சாப்பிட்டிட்டுப் போகலாம்" என்று தேன் ஒழுகச் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். வைத்த கையோடு வரவேற்பறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

படம் தொலையவில்லை. உடையவும் இல்லை. தொலைந்திருந்தால் எவ்வளவு நல்லது! வரவேற்பறையில், செபம் சொல்லும் மேசைக்கு மேலே, சுற்றிவர மின்னி மின்னி எரியும் வண்ண பல்புகளோடு அது தொங்கிக்கொண்டிருந்தது. நடுவில் மாதா. நீல முக்காடு, வெள்ளை அங்கி, தலையைச் சுற்றி மினுக்கப் பொடியில் நட்சத்திரங்கள். இரண்டு பாதமும் ஏரிக்கரையில் நிற்கிற நீசென் மலையின் உச்சியில். கீழே ஏரியில் இரண்டு அன்னம். மலையைச் சுற்றிக் கொழுத்த கறுப்புக் கோடு. மாதாவும் கோடும் அன்னமும் நோபேட் கீறியவை அல்ல. அதுதான் சங்கதி.

நோபேட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இது விளங்காது. சுவிஸில், இந்தத் துன் நகரத்தில் இருக்கிற எங்கட சனத்துக்கு ஒரு மனிசனை அளக்க ஒரே ஒரு கேள்விதான்: எத்தனை வீதம் வேலை? நூறு வீதம் என்றால் மனிசன். நூறுக்கு மேல் பின்னேரம் துப்புரவு வேலையும் செய்தால் கெட்டிக்காரன். நோபேட் ஐம்பது வீதம். முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் அரைவாசி நாள் வேலை, மிச்ச நேரமெல்லாம் ஏரிக்கரையில். வருத்தம் துன்பம் ஒன்றும் இல்லாத, கை கால் திடமான மனிசன் தானாக விரும்பி ஐம்பது வீதம்! கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள். பெண் கொடுக்க வந்தவர்கள் தேத்தண்ணி குடித்துவிட்டு எழும்பிப் போனார்கள்.

இந்தப் படம் கீறுகிற வருத்தம் அவருக்கு டாவோஸ் என்ற மலையூரில் பிடித்தது. அகதியாக வந்த புதிதில் அங்கே ஒரு ஹொட்டலில் கோப்பை கழுவினவர். கழுவுகிற இடத்துக்கு நேரே ஒரு சன்னல், சன்னலுக்கு வெளியே பனி. எல்லோரும் வெள்ளை என்கிற பனி காலையில் ரோசாவாகவும் மத்தியானம் மஞ்சளாகவும் நிழல் விழுந்த இடத்தில் நீலமாகவும் இருப்பதைக் கண்டு, கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு வாய் பார்த்து நின்று ஏச்சு வாங்கியிருக்கிறார். பிறகு லீவு நாளில் ரயிலேறி நூதனசாலைகளுக்குப் போய், வெட்டவெளியில் நின்று வெளிச்சத்தைத் துரத்திக் கீறின பழைய பிரெஞ்சுக்காரரின் படங்களைப் பார்த்தார். அவ்வளவுதான், ஆள் முடிந்தது. அன்றிலிருந்து அவரிடம் கறுப்பு நிறம் என்ற ஒன்று இல்லை. நிழலுக்கும் நீலம், ஊதா. மழையோ குளிரோ, ஸ்டாண்டையும் துணிப்பலகையையும் தோளில் போட்டுக்கொண்டு கரைக்குப் போவார். ஒரு வெளிச்சம் கொஞ்ச நேரந்தான் நிற்கும், அதற்குள் பிடிக்கவேண்டும். வெளிச்சம் மாறினால் அந்தப் பலகையை வைத்துவிட்டு மற்றதை எடுப்பார். நாளைக்கு அதே நேரம் வந்து விட்ட இடத்தில் தொடங்குவார்.

அருள்மலருக்கு அண்ணன் மேல் பாசம் இல்லாமல் இல்லை. வெட்கம் அதைவிடக் கூடுதலாக இருந்தது, அவ்வளவுதான். ஒருநாள் கோயில் பெண்களோடு பஸ்ஸில் போகும்போது ஒருத்தி சன்னலால் கையைக் காட்டி, "அங்கை பாருங்கோ, பெயின்ற் அப்பின ஜக்கெற்றோட ஆரோ எங்கட ஆள் மாதிரி" என்றாள். அருள்மலர் எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "இல்லை, அது ஆரோ இந்தியன்" என்றாள். பஸ் திரும்புமட்டும் அந்தப் பக்கம் மறுபடி பார்க்கவே இல்லை.

மகள் மெலானி கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கின புதுநன்மை விருந்துக்கு வந்தவர்கள் எல்லோரும் காசு என்வலப்போடு வந்தார்கள். நோபேட் பழைய கட்டில் விரிப்பில் சுற்றின படத்தோடு வந்தார். அருள்மலர் அதை மண்டப மேசையில் வைத்து விரித்தாள். பெண்கள் மூக்கு முட்டுகிற மாதிரிக் குனிந்து பார்த்தார்கள். ரோசாத் தீற்றல், மஞ்சள் தீற்றல், நீலத் தீற்றல். மேலே பெரிய வெறும் வானம். "என்ன, இன்னும் முடியேல்லையோ?" என்றாள் ஒருத்தி.

"ஓம், அண்ணைக்கு நேரம் கிடைக்கேல்லை" என்று அருள்மலர் சமாளித்தாள்.

"ஐம்பது வீதம் வேலை செய்யிறவருக்கு நேரம் கிடைக்கேல்லையாமோ!" மேசையே சிரித்தது. அருள்மலரும் சேர்ந்து சிரித்தாள்.

மண்டபச் சோடனைக்கு வந்திருந்த றஜீவன்தான் தீர்ப்புச் சொன்னவன். கலியாண மணவறை, கோயில் திருநாள் மேடை, பின்சீலை எல்லாம் அவன்தான் செய்வான், தொழில் தெரிந்தவன். படத்தைத் தூக்கிப் பார்த்தான். "அக்கா, இது இன்னும் படமில்லை. கிறவுண்ட் அடிச்சு விட்டிருக்கு. நாங்களும் இப்பிடித்தான், முதல்ல வானத்தையும் மலையையும் சும்மா தட்டி விடுவம், பேந்துதான் நடுவில ஆளைக் கீறுவம். பாருங்கோ, மாதாவுக்கெண்டே இடம் விட்டிருக்கு. புதுநன்மைப் படம் எல்லோ!"

அருள்மலருக்கு அது சரியாகவே பட்டது. புதுநன்மைக்குத் தருகிறவர் வெறும் மலையையா தருவார்? பாவம், அண்ணன் மாதாவைக் கீறத்தான் நினைத்திருப்பார், முகம் கீறத் தெரியாமல் விட்டிருப்பார். "நீயே முடிச்சுத் தா தம்பி" என்றாள். றஜீவன் ஒரே பின்னேரத்தில் முடித்துக் கொடுத்தான். கலங்கலாய்க் கிடந்த மலைக்கு அவுட்லைனும் போட்டுக் கொடுத்தான். அன்னம் இரண்டும் இலவசம்.

கொண்டுவந்து கொழுவின கையோடு அவளுடைய மனிசன் ஜெபநேசனுக்கு நெஞ்சுவலி வந்தது. பேர்ண் ஆஸ்பத்திரியில் ஒப்பரேசன். அருள்மலர் அந்த மாதாவுக்கு முன்னால் முழங்காலில் நின்றாள், அழுதாள், நேர்ந்தாள், கத்தினாள். ஜெபநேசன் பிழைத்து வந்தார். பிறகு கேட்கவும் வேணுமா? செபக்கூட்டத்துப் பெண்கள் மெழுகுதிரியோடு வந்தார்கள். "மலைமாதா" என்று பேரும் வைத்தார்கள்.

சும்மா சொல்லக்கூடாது, அண்ணனுக்கு இது பிடிக்காது என்று அவளுக்கு உள்ளுக்குள் தெரிந்துதான் இருந்தது. தெரியாவிட்டால் அவரை ஏன் வீட்டுக்கு வரவிடாமல் வைத்திருந்தாள்? அவர் வருகிறேன் என்று சொல்லும்போதெல்லாம், "நீங்கள் ஏன் அலையிறியள், நானே வாறன்" என்று புட்டும் கறியும் கட்டிக்கொண்டு அவருடைய ஒற்றை அறைக்கு ஓடினாள். பாசமான தங்கச்சி என்று நோபேட் நம்பிக்கொண்டிருந்தார். வருசக்கணக்காக நம்பிக்கொண்டிருந்தார்.

இப்போது சனிக்கிழமை வருகிறது.

ஜெபநேசன் யோசனை சொன்னார். "விழுந்து உடைஞ்சு போச்சு எண்டு சொல்லும்."

"துணியில கீறின படம் உடையுமோ? விசர்க்கதை கதைக்காமல் இருங்கோ."

மெலானி இப்போது உயர்ந்து வளர்ந்த பிள்ளை. செபமேசையைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள். "பைன்லிக்" என்றாள். வெட்கக்கேடு என்பதற்கு இங்கத்தைய பிள்ளைகள் சொல்லும் சொல். "அம்மா, மாமாவுக்குப் போன் அடிச்சுச் சொல்லுங்கோ. வந்து பாக்கிறதைவிட அது நல்லம்." பிள்ளை சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அருள்மலர் போனை எடுத்து றஜீவனுக்கு அடித்தாள்.

"ஐயோ அக்கா, மாதாவை அழிக்கிறதோ? என்னால ஏலாது, எனக்கும் பிள்ளை குட்டி இருக்கு" என்று அவன் வைத்துவிட்டான்.

சனிக்கிழமை நோபேட் வந்தார். தலைமயிர் வெட்டி, சவரம் செய்து, சுத்தமான சேர்ட் போட்டிருந்தார். படத்தைச் சுற்ற ஒரு கட்டில் விரிப்பும் கையில். சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, "காட்சிக்கு ஒரு தாள் அடிச்சிருக்கிறாங்கள் மலர், அதில என்னை இம்ப்ரெஷனிஸ்ட் எண்டு அந்தப் பழைய பிரெஞ்சுக்காரரோட சேர்த்துப் போட்டிருக்கு. எனக்கே கூச்சமாக் கிடக்கு" என்று சிரித்தார். அந்தச் சிரிப்போடேயே வரவேற்பறைக்குள் வந்தார்.

பல்புகள் சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று மாறி மாறி எரிந்தன. அவற்றையாவது நிற்பாட்டி வைத்திருக்கலாமே என்று அருள்மலருக்கு அப்போதுதான் தோன்றியது. ஜெபநேசன் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஆம்பிளைத்தனம்!

நோபேட் விரிப்பைக் கதிரையில் வைத்தார். நாலு அடி பின்னுக்குப் போனார், பார்த்தார். கிட்ட வந்தார், பார்த்தார். குனிந்து கறுப்புக் கோட்டை விரலால் தடவினார்.

"ஆர்?"

"றஜீவன்... சோடினைக்காரப் பெடியன். நான்தான் சொன்னனான் அண்ணை. நீங்கள் முடிக்காமல் விட்டிட்டியள் எண்டு நினைச்சு..."

"முடிக்காமல்." அவர் அந்தச் சொல்லை மட்டும் திரும்பச் சொன்னார். பிறகு கீழே அன்னங்களைக் காட்டினார். "இஞ்ச, கரையோரப் பாதையில, ஒரு சிவப்புப் பொட்டு இருந்தது. கண்டனியோ?"

"பெயின்ற் தெறிச்சு ஊத்தையாக் கிடக்கு எண்டு அவன்தான் அன்னத்தாலை மறைச்சவன்."

"அது நீ."

அருள்மலருக்கு விளங்கவில்லை.

"நீ அப்ப விடிய வெள்ளன ஹொட்டலுக்குக் காலைச்சாப்பாட்டு வேலைக்குப் போவியே, சிவத்த ஜக்கெற்றோட. நான் அங்கால மரத்தடியில நிண்டு கீறிக்கொண்டு நிப்பன். நீ ஒருநாளும் என்னைக் காணேல்லை, தலையைக் குனிஞ்சு கொண்டு ஓடுவாய். வானமெல்லாம் விடியத் தொடங்கியிருக்கும், கீழ ஒரு சின்னச் சிவப்பு மட்டும் ஓடும். அதுக்காகத்தான் அந்தப் படமே. அதாலதான் உனக்குத் தந்தனான்."

ஐயோ, நிலம் பிளந்து உள்ளுக்கு இழுத்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு. காது இரண்டும் கொதித்தன.

நோபேட் கோபிக்கவில்லை, அதுதான் பெரிய தண்டனை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நகத்தால் ஓரத்தை மெல்லச் சுரண்டினார். மாதாவின் அங்கி விளிம்பில் ஒரு செதிள் கழன்று வந்தது. அதற்குக் கீழே ஒரு ரோசா நிறம். அவருடைய முகம் மலர்ந்துவிட்டது. "மலர், இஞ்ச பார்! அவன் பூசினது வேற சாதிப் பெயின்ற், மேலாலதான் கிடக்கு. என்ர எண்ணெய் நிறம் அடியில அப்பிடியே இருக்கு. பக்குவமாச் சுரண்டினா எல்லாத்தையும் எடுக்கலாம். கண்காட்சிக்கு முதல் முடிச்சிடுவன். ஒண்டும் கெட்டுப்போகேல்லை!"

எப்படிப்பட்ட மனிசன் பாருங்கள். தன் படத்தை நாசமாக்கினவளுக்கு ஆறுதல் சொல்கிறார். அருள்மலர் அந்த இடத்தில் காலில் விழுந்து, "எடுத்துக்கொண்டு போங்கோ அண்ணை" என்று சொல்லியிருக்கவேண்டும். நானாயிருந்தால் சொல்லியிருப்பேன் என்று யாரும் நினைக்கலாம், நினைப்பது சுகம்.

அவர் படத்தை ஆணியிலிருந்து தூக்க இரண்டு கையையும் நீட்டினார். "தொடாதேங்கோ!" என்று அருள்மலர் கத்தினாள்.

கத்தினது தான்தானா என்று அவளுக்கே சந்தேகம். "அவவைச் சுரண்டாதேங்கோ அண்ணை. இவர் பேர்ணில நெஞ்சைத் திறந்து கிடக்கேக்க நான் அவவைத்தான் கட்டிப் பிடிச்சுக்கொண்டு கிடந்தனான். அவ தந்த உயிர். கத்தியால சுரண்டினா... இவருக்கு ஏதும் நடந்தா..." விம்மி அழுதாள். தான் செய்வது அநியாயம் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. முதல் தடவை தெரியாமல் செய்தாள். இந்தத் தடவை தெரிந்தே செய்கிறாள்.

நோபேட் கையை எடுத்தார். கட்டில் விரிப்பை நாலாக மடித்தார். "சரி" என்றார். "தேத்தண்ணி போடு, குடிச்சிட்டுப் போறன்." தேத்தண்ணியைக் குடித்தார், மெலானியின் படிப்பைப் பற்றிக் கேட்டார், வெளியில் வந்த ஜெபநேசனின் சுகம் கேட்டார், போனார்.

கண்காட்சியின் திறப்பு விழாவுக்கு, இங்கத்தைய ஆட்கள் வெர்னிசாஜ் என்பார்களே, அதற்கு அருள்மலர் போவதாயில்லை. மெலானிதான் இழுத்துக்கொண்டு போனாள். "வராமல் விட்டா இன்னும் பைன்லிக்" என்றாள். மண்டபம் நிறைய சுவிஸ்காரர். கையில் வைன் கிளாஸ். எங்கட ஆட்கள் என்றால் நோபேட், தாய், மகள் மூன்று பேர் மட்டும். சுவரில் மலை வரிசையாக இருந்தது: காலை மலை, மத்தியான மலை, மழை மலை, மாலை மலை. வரிசையின் தொடக்கத்தில் வெறும் சுவரும் ஒரு ஆணியும்.

ஆட்கள் படத்தை மூக்கால் உரசவில்லை, பின்னுக்கு நின்று பார்த்தார்கள். அருள்மலரும் அவர்களைப் பார்த்து நாலு அடி பின்னுக்குப் போனாள். தீற்றல்கள் ஒன்று சேர்ந்தன. தண்ணி அசைந்தது. பஸ் தரிப்பிடத்தில் கை விறைத்து நின்ற காலைகளின் அதே குளிர் அவளுடைய முகத்தில் அடித்தது. இவ்வளவு காலம் ஒவ்வொரு நாளும் இதைத்தானே பார்த்துக்கொண்டு வேலைக்குப் போனேன் என்று நினைத்தாள். அடுத்த படத்துக்குப் போக அவளுக்குக் கால் வரவில்லை.

மண்டபக்காரி பேசின பிறகு நோபேட் பேசினார். கூச்சத்தோடு, தட்டுத் தடுமாறின ஜேர்மனில். ஒரு தாடிக்காரர் கையை உயர்த்தி, "அந்த வெறும் ஆணி எதற்கு?" என்று கேட்டார். அருள்மலர் அண்ணனைப் பார்த்தாள். இப்போது சொல்லப் போகிறார். சொல்லட்டும். சொல்லத்தானே வேணும்.

"முதல் படம் என் தங்கையின் வீட்டில் இருக்கிறது" என்றார் நோபேட். "கேட்டேன். ஒரு மாதத்துக்குக்கூடப் பிரிந்திருக்க முடியாது என்று அழுதுவிட்டாள். தினமும் அதற்கு முன்னால்தான் இருக்கிறாள். என்னால் வற்புறுத்த முடியவில்லை. அதோ நிற்கிறாள்."

மண்டபம் முழுக்க "ஆ" என்றது. எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். கை தட்டினார்கள்! ஒரு வயதான அம்மா வந்து அருள்மலரின் கையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்து, "நானாக இருந்தாலும் தந்திருக்கமாட்டேன். ஒரு ஓவியனுக்கு இப்படி ஒரு தங்கை கிடைக்கவேண்டுமே" என்றாள். கண் கலங்கியிருந்தாள். வேறொருத்தர் தோளில் தட்டினார். வரிசையாக வந்து கை கொடுத்தார்கள். அருள்மலர் "டாங்கே, டாங்கே" என்று நன்றி சொல்லிச் சொல்லி எல்லாக் கையையும் வாங்கினாள். செருப்பால் அடித்திருந்தால் தாங்கியிருப்பாள். மெலானி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சனம் கொஞ்சம் விலகினதும் அண்ணனை மேல்கோட்டுகள் தொங்கும் மூலைக்கு இழுத்துக்கொண்டு போனாள். "ஏன் அண்ணை அப்பிடிச் சொன்னனீங்கள்? என்னைக் காப்பாத்த வேண்டாம். போய் நடந்ததைச் சொல்லுங்கோ. இல்லாட்டி நான் சொல்லுறன்."

"உன்னைக் காப்பாத்தவோ?" நோபேட் அவளுடைய முகத்தைப் பார்க்காமல் கோட்டுகளைப் பார்த்துக்கொண்டு கதைத்தார். "நான் என்னைக் காப்பாத்தினனான் மலர். வாழ்க்கை முழுக்க இந்தக் கரையில நிண்டு கீறிப்போட்டு, என்ர சொந்தத் தங்கச்சிக்கே அது படமெண்டு தெரியேல்லை எண்டு இந்தச் சனத்துக்கு முன்னால எந்த முகத்தோட சொல்லுறது? எனக்கு வெக்கமாக் கிடக்கு. சொல்லிப்போடாதை பிள்ளை. உன்னைக் கும்பிட்டுக் கேக்கிறன்."

வெட்கமெல்லாம் தன்னுடையது மட்டும் என்று அவள் நினைத்திருந்தாள். அதில் பெரிய பங்கை அண்ணன் தலையில் கட்டி வைத்திருப்பதை இப்போதுதான் கண்டாள். சொல்லிவிட்டாவது ஆறலாம் என்று வைத்திருந்த ஒரே வழியும் அடைபட்டுப் போயிற்று.

பத்திரிகைக்காரப் பெடியன் ஒருவன் கமராவோடு வந்தான். ஓவியரும் தங்கையும் அந்த வெறும் ஆணிக்குப் பக்கத்தில் நின்றால் நல்ல படமாயிருக்கும் என்றான். நோபேட் சேர்ட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டு, "வா" என்றார். அருள்மலர் போய் அண்ணனுக்குப் பக்கத்தில் நின்றாள். சிரிக்கச் சொன்னான், சிரித்தாள்.